ஆம்புலன்ஸில் போகிறேன் என்கிறாள் மகள்

அன்புள்ள சகோதரி,

டெக்சாஸிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். "டாக்டருக்குப் படிப்பாள் என்று பார்த்தால், இ.எம்.டி. என்கிற அவசர மருத்துவ உதவியாளர் படிப்பை முடித்த கையோடு, அதற்கு மேற்படியான ஏ.இ.எம்.டி. படிக்கணும்கிறாள். ஊரில் 108 வண்டியில் வருவார்களே, அதுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அமெரிக்காவில் இதற்குப் படிகள் உண்டு. சம்பவ இடத்தில் முதலில் கைகொடுப்பவர், அவருக்கு மேல் இ.எம்.டி., அடுத்து ஏ.இ.எம்.டி., உச்சியில் பாராமெடிக். உங்கள் மகள் கேட்பது மூன்றாவது படி. இ.எம்.டி. சான்றிதழ் இருப்பவருக்குக் கூடுதலாக 150 முதல் 250 மணி நேரப் பயிற்சி. பாராமெடிக் ஆக ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

வித்தியாசம் எங்கே என்றால், ரத்தத்தில் சர்க்கரை இறங்கிச் சோர்ந்து கிடக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். விழுங்கும் நிலையில் இருந்தால் இ.எம்.டி.யே வாயில் குளுக்கோஸ் கொடுத்துவிடுவார். நினைவே இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அங்கேதான் ஏ.இ.எம்.டி. வேண்டும். நரம்பில் ஊசி ஏற்றி டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலைச் செலுத்தலாம், நரம்பு கிடைக்காவிட்டால் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் மருந்தைத் தசையில் போடலாம். மூச்சு நின்றவருக்குத் தொண்டை வரை இறங்கும் ஒருவகைக் குழாயை வைக்கவும் அனுமதி உண்டு. ஆனால் மூச்சுக்குழலுக்குள்ளேயே குழாய் விடுவது, இ.சி.ஜி.யைப் படித்து இதயத் துடிப்புக்கு மருந்து முடிவு செய்வது எல்லாம் பொதுவாகப் பாராமெடிக்கின் வேலை. ஆம்புலன்ஸ் சேவையின் மருத்துவ இயக்குநரான டாக்டர் எழுதிவைத்த நெறிமுறையை ஏ.இ.எம்.டி. தாண்டவும் கூடாது. தெரிந்த வைத்தியத்தையும் சில நேரம் செய்யாமல் நிற்க வேண்டிவரும். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அதுதான் சிரமம்.

மற்றபடி ஊசி போடுவதைவிட அன்றாட வேலைதான் அதிகம். ஷிப்ட் தொடங்கும்போது ஆக்ஸிஜன் அளவையும் மருந்துகளின் காலாவதித் தேதியையும் பார்க்கணும், ஸ்ட்ரெச்சரைத் தூக்கணும், ஒவ்வொரு நோயாளிக்கும் அறிக்கை எழுதணும். முதுகு பத்திரம் என்று அவளிடம் சொல்லிவையுங்கள்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். மெடிக்கல் ஸ்கூலுக்கு அனுபவம் சேர்ப்பதுதான் நோக்கம் என்றால் கையில் இருக்கும் இ.எம்.டி.யே போதும், அந்த நேரத்தை எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வுக்குக் கொடுக்கலாம். வேலைக்காகத்தான் என்றால் பீஸ் கட்டும் முன் பக்கத்திலுள்ள இரண்டு மூன்று ஆம்புலன்ஸ் சேவைகளிடம், "ஏ.இ.எம்.டி.யைத் தனியாக வேலைக்கு எடுக்கிறீர்களா, சம்பளம் எவ்வளவு கூடும்?" என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். இடத்துக்கு இடம் இது மாறும். சில ஊர்களில் இ.எம்.டி.யும் பாராமெடிக்கும்தான் வண்டியில் ஏறுவார்கள், நடுவில் இருப்பவருக்கு இடமே இருக்காது.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை, நான் கேட்டாகணும். அவள் இன்னும் எச்-4 விசாவில்தான், அதாவது எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசாவில்தான், இருக்கிறாளா? அப்படியானால் சான்றிதழ் வாங்கினாலும் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. 21 வயதில் அந்த விசாவும் முடிந்துவிடும். வகுப்பில் சேருமுன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். அவர் சொன்னதையும், பீஸ் கட்டக் கடைசித் தேதியையும் எனக்கு எழுதுங்கள்.