குடியரசுத் தலைவரின் கையெழுத்து: எங்கே கட்டாயம், எங்கே அவர் முடிவு?

கேள்வி (சேலம்): அமைச்சரவை நீட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிரக் குடியரசுத் தலைவருக்கு வேறு வேலை உண்டா சார்?

பதில்: பெரும்பாலான கோப்புகளில் அமைச்சரவை சொல்வதுதான் முடிவு. 1976இல் 42ஆவது அரசமைப்புத் திருத்தம் 74ஆம் பிரிவில் அதை வெளிப்படையாகவே எழுதிவிட்டது. 1978இல் 44ஆவது திருத்தம் ஒரு வாய்ப்பைச் சேர்த்தது: ஆலோசனையை ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், அதே ஆலோசனை மறுபடி வந்தால் ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

ஒருமுறைதானே என்று குறைவாக நினைக்காதீர்கள். 1997இல் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் அரசை நீக்கக் குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தது. கே.ஆர். நாராயணன் அதைத் திருப்பினார். அமைச்சரவை மேற்கொண்டு வலியுறுத்தவில்லை, அரசு பிழைத்தது. 1998இல் பீகார் அரசை நீக்க வந்த பரிந்துரையையும் திருப்பினார். 1999 பிப்ரவரியில் அது மீண்டும் வந்தபோது கையெழுத்திட்டார். அந்த அதிகாரத்தின் பலமும் எல்லையும் இந்த இரண்டு கோப்புகளிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி (சட்ட மாணவி, திருச்சி): நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவைக் கையெழுத்திடாமல் வைத்திருக்க முடியுமா?

பதில்: என்ன மசோதா என்று முதலில் பாருங்கள். அரசமைப்புத் திருத்த மசோதா என்றால் ஒப்புதல் தந்தே தீர வேண்டும். 1971இல் 24ஆவது திருத்தம் செய்த ஏற்பாடு அது. பண மசோதாவைத் திருப்பி அனுப்ப முடியாது. மற்றவற்றை 111ஆம் பிரிவின்படி ஒருமுறை திருப்பலாம். எம்.பி.க்கள் வகிக்கக்கூடிய அரசுப் பதவிகள் பற்றிய ஆதாயப் பதவி மசோதாவை 2006இல் அப்துல் கலாம் அப்படித் திருப்பினார். நாடாளுமன்றம் மாற்றமின்றி மீண்டும் நிறைவேற்றியது, அவர் ஒப்புதல் தந்தார்.

தேர்வில் பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. திருப்புவதாக இருந்தால் 'கூடிய விரைவில்' திருப்ப வேண்டும் என்கிறது 111. ஆனால் ஒப்புதல் தருவதற்குக் கெடு எதையும் அது வைக்கவில்லை. அதனால்தான் கடிதங்களை இடைமறித்துப் பார்க்க வழிசெய்த 1986ஆம் ஆண்டு அஞ்சல் மசோதாவை ஜெயில் சிங்கால் ஒப்புதலும் தராமல், திருப்பியும் அனுப்பாமல் கிடப்பில் வைக்க முடிந்தது. அது சட்டமாகவே இல்லை.

கேள்வி (ஆசிரியர், விழுப்புரம்): சட்டமன்றம் இரண்டாவது முறை நிறைவேற்றியும் நீட் விலக்கு மசோதா ஏன் சட்டமாகவில்லை? நாடாளுமன்றத்துக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?

பதில்: ஆமாம், அரசமைப்பிலேயே அந்த வேறுபாடு இருக்கிறது. ஆளுநர் அனுப்பிவைத்த மாநில மசோதா 201ஆம் பிரிவின் கீழ் வருகிறது. அதைத் திருப்பி அனுப்பினால் சட்டமன்றம் ஆறு மாதத்துக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். அதன்பின் மீண்டும் போனாலும் ஒப்புதல் தரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சட்டமன்றத்துக்குக் கெடு உண்டு, குடியரசுத் தலைவருக்குக் கிடையாது. நடைமுறையில் முடிவெடுப்பது ஒன்றிய அமைச்சரவை. 2017இல் நிறைவேறிய இரண்டு நீட் மசோதாக்களுக்கும் ஒப்புதல் மறுக்கப்பட்டது. ஆளுநர் திருப்பியதால் 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேறிய மசோதாவுக்கும் மறுப்புதான். அது 2025 ஏப்ரலில்தான் தெரியவந்தது. ஒன்றிய அரசு மனம் வைத்தால் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதற்கு ஜல்லிக்கட்டு இருக்கிறது: 2017 ஜனவரி 23இல் சட்டமன்றம் நிறைவேற்றியது, அந்த மாதம் முடிவதற்குள் ஒப்புதல் வந்துவிட்டது.

2025 ஏப்ரல் 8 அன்று தமிழ்நாடு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய மசோதாக்களில் முடிவெடுக்கக் குடியரசுத் தலைவருக்கு மூன்று மாதக் கெடு வைத்தது. பிறகு குடியரசுத் தலைவர் 143ஆம் பிரிவின்படி 14 கேள்விகளை அனுப்பிக் கருத்துக் கேட்டார். நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது என்றது. இதற்குத் திருத்தம் ஒன்றுதான் வழி என்பது என் உறுதியான கருத்து. கோடிக்கணக்கானோர் தேர்ந்தெடுத்த அவையின் மசோதாவுக்கு ஆம், இல்லை என்ற பதிலாவது உரிய காலத்தில் வந்தாக வேண்டும்.

கேள்வி (கோவை): யாருக்கும் பெரும்பான்மை இல்லாவிட்டால் பிரதமரை யார் முடிவு செய்வது?

பதில்: குடியரசுத் தலைவர் சொந்தமாக முடிவெடுக்கும் அரிய இடம் இது. 1996இல் சங்கர் தயாள் சர்மா தனிப்பெரும் கட்சி என்ற அடிப்படையில் வாஜ்பாயை அழைத்தார்; அரசு 13 நாளில் முடிந்தது. 1998இல் நாராயணன் முறையை மாற்றி, ஆதரவுக் கடிதங்களைக் கொண்டுவரச் சொன்னார். அ.தி.மு.க.வின் கடிதம் தாமதமானதால் டெல்லியே காத்திருந்தது. அடுத்த ஆண்டு அந்தக் கட்சி ஆதரவை விலக்கியதும் நம்பிக்கை வாக்குக் கோரச் சொன்னார். அரசு ஒரே வாக்கில் தோற்றது. எண்ணிக்கையை ராஷ்டிரபதி பவனில் தலை எண்ணிப் பார்க்காமல் அவையில் நிரூபிக்கச் சொல்வதே சரியான முறை.

கேள்வி (மதுரை): கருணை மனுவை எப்படி, எத்தனை நாளுக்குள் அனுப்புவது?

பதில்: மரண தண்டனைக் கைதியோ அவருடைய உறவினரோ அனுப்பலாம். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 472ஆம் பிரிவின்படி, மேல்முறையீடு தள்ளுபடியானதைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாள். முதலில் ஆளுநருக்கு அனுப்பலாம். அவர் நிராகரித்தால் 60 நாளுக்குள் குடியரசுத் தலைவருக்கு. ஒன்றிய அரசு மாநிலத்தின் கருத்தைப் பெற்று, அது வந்த 60 நாளுக்குள் பரிந்துரை செய்ய வேண்டும். குடியரசுத் தலைவருக்கு இங்கும் கெடு இல்லை. ஆனால் காரணமில்லாத நீண்ட தாமதம் தண்டனையைக் குறைக்கக் காரணமாகும் என்று 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனு கொடுத்த தேதிக்கு அத்தாட்சி வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பிற்பாடு அந்தத் தேதிதான் வழக்குக்கே ஆதாரமாகும்.

கேள்வி (நாகை): குடியரசுத் தலைவரைப் பதவி நீக்குவதில் எம்.எல்.ஏ.க்களுக்குப் பங்கு உண்டா?

பதில்: கிடையாது. தேர்ந்தெடுப்பதில் மட்டும்தான், 2022 தேர்தலில் தமிழக எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு 176. நீக்குவது நாடாளுமன்றத்தின் வேலை: ஓர் அவையின் கால் பங்கு உறுப்பினர் கையெழுத்து, 14 நாள் முன்னறிவிப்பு, பிறகு இரு அவைகளிலும் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு.

கேள்வி (தென்காசி): எங்கள் ஊர்ச் சாலைக்காக அவருக்கு மனு அனுப்பினால் நடக்குமா?

பதில்: அவரது செயலகம் அதை உரிய அரசுக்கு அனுப்பிவைக்கும், அவ்வளவுதான். அதே மனுவைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள்.