மில் குடும்பத்துச் சொத்து: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பெரம்பூர் பின்னி மில்லை நடத்திய வெள்ளைக்காரக் குடும்பம் இப்போது எங்கே இருக்கிறது? அவர்கள் பெயரில் பள்ளியோ ஆஸ்பத்திரியோ ஏன் பெரிதாக எதுவும் இல்லை? (பெரம்பூர் வாசகி)

பதில்: தேடினால் கிடைக்காது. ஜான் பின்னி என்பவர் பெயரில் தொடங்கிய வணிக நிறுவனம் அது. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் எழுந்த காலத்தில் பங்குதாரர்களும் ஏஜெண்டுகளும்தான் அதை நடத்தினார்கள். 1906இல் சென்னையின் ஆர்பத்நாட் வங்கி விழுந்தபோது பின்னியும் ஆட்டம் கண்டு, பிரிட்டிஷ் கப்பல் முதலாளி இஞ்ச்கேப் பிரபு கைக்குப் போனது. 'பக்கிங்ஹாம்' என்பதும் 1875 முதல் 1880 வரை சென்னையின் கவர்னராக இருந்த கோமகனின் பட்டம், முதலாளியின் பெயரல்ல. மதுரை ஹார்வி மில்லை அண்ணன் தம்பி இருவர் தொடங்கினார்கள். அதை வைத்துத்தான் பலர் இதையும் குடும்ப மில் என்று நினைக்கிறார்கள்.

பெரம்பூர் மில் ஊருக்கு விட்டுப்போனது வேறு. 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இந்த மில் தொழிலாளர்களால். பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னால் நின்றார்கள். மில் 1996இல் மூடியது. சங்கத்தின் பெயரைச் சொல்ல இன்றும் ஆள் இருக்கிறது.

கேள்வி: மகன் மான்செஸ்டரில் இருக்கிறான். அங்கே பஞ்சாலைக் குடும்பம் ஒன்றின் பழைய ஆலையைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கே போவது, எதைக் கவனிப்பது? (வேளச்சேரி வாசகர்)

பதில்: ஸ்டையல் கிராமத்தில் உள்ள குவாரி பேங்க். மான்செஸ்டர் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சாமுவேல் கிரெக் 1784இல் போலின் ஆற்றங்கரையில் கட்டியது.

நேரே தறிக்கூடத்துக்குப் போகாதீர்கள், முதலில் தண்ணீரைப் பாருங்கள். ஆற்றை அணைகட்டித் தேக்கி, சக்கரத்தை ஆழத்தில் இறக்கி, விழுந்த தண்ணீரைச் சுரங்கக் கால்வாய் வழியாக வெகு தூரம் தள்ளி ஆற்றில் சேர்த்தார்கள். தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறதோ அவ்வளவு விசை என்பதால்தான் இத்தனை பாடு. பெரிய சக்கரத்தின் விட்டம் 32 அடி, அகலம் 21 அடி, விசை சுமார் 100 குதிரைத்திறன். இன்று சுழல்வது அந்தச் சக்கரமல்ல, யார்க்‌ஷயரின் வேறொரு ஆலையிலிருந்து கொண்டுவந்து பொருத்தியது. கோடையில் ஆறு வற்றும். அந்தக் குறைக்காக 1810இலேயே 10 குதிரைத்திறன் நீராவி எந்திரம் ஒன்றையும் வாங்கி வைத்தார்கள். கோடையில் எங்கே சறுக்கும் என்று கணக்குப் போட்ட முதலாளி!

அடுத்து 1790இல் கட்டிய பயிற்சிச் சிறுவர் விடுதி. அநாதை இல்லங்களிலிருந்தும் ஏழை விடுதிகளிலிருந்தும் ஒப்பந்தம் எழுதி வாங்கி வந்த பிள்ளைகள், சாப்பாட்டுக்கும் துணிக்கும் நாளெல்லாம் உழைத்த இடம். மருத்துவர் இருந்தார், படிப்பும் கொடுத்தார்கள், சம்பளம் மட்டும் இல்லை. கிரெக் குடும்பத்தை 'நல்ல முதலாளி' என்று எழுதுபவர்கள் முதல் இரண்டைச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். கரீபியத் தீவான டொமினிக்காவில் அடிமைகள் உழைத்த தோட்டமும் இந்தக் குடும்பத்துக்கு இருந்தது. அதையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

சொத்து என்ன ஆனது? பிள்ளைகள் ஆளுக்கொரு ஆலையைப் பார்த்துக்கொண்டார்கள். பாலிங்டன் ஆலையை நடத்திய மகன் 1840களில் வேலைநிறுத்தத்தோடு தொழிலை விட்டு விலகினார். பரி ஊரில் இருந்த மகனின் தொழிலும் நிலைக்கவில்லை. மூத்த ஆலை மட்டும் ஒரே கையில் நின்றது. 1939இல் அலெக் கிரெக் அதை, பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு எழுதிக் கொடுத்தார். ஆலை, விடுதி, தொழிலாளர் வீடுகள் எல்லாம் துண்டுபடாமல் கிடைத்ததால்தான் இன்று நீங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்க முடிகிறது.

கேள்வி: நம் ஊரில் அப்படித் துண்டுபடாமல் நின்றது ஏதாவது உண்டா? (அம்பத்தூர் வாசகர்)

பதில்: கோவை பி.எஸ்.ஜி. மில் குடும்பம். 1926இல் பாகம் பிரித்தபோது பிள்ளைகள் நால்வர், பாகங்கள் ஐந்து. ஐந்தாவது பாகம் தர்மத்துக்கு. 2,01,000 ரூபாயில் தொடங்கிய அந்த அறக்கட்டளைதான் பின்னாளில் 1951இல் பொறியியல் கல்லூரியையும் 1985இல் மருத்துவக் கல்லூரியையும் தொடங்கியது. தர்மத்தை ஒரு பங்காளியாகவே உட்கார வைத்ததுதான் இதிலுள்ள சூட்சுமம். லாபத்தில் மிச்சமிருந்தால் கொடுப்போம் என்று எழுதியிருந்தால் மில்லுக்குச் சளி பிடித்த வருடமே கல்லூரிக்குக் காய்ச்சல் வந்திருக்கும்.

கேள்வி: தாத்தா பி அண்ட் சி (பக்கிங்ஹாம், கர்நாடிக்) மில்லில் வேலை பார்த்தவர். பெட்டியில் அந்த மில் காக்கித் துணி ஒரு பீஸ் முத்திரையோடு இருக்கிறது. எப்படிப் பாதுகாப்பது? (ஓட்டேரி வாசகர்)

பதில்: முத்திரை இருக்கும் முனையை வெட்டாதீர்கள், நனைக்கவும் வேண்டாம். அந்தத் துணி எங்கே நெய்தது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஆதாரம் அதுதான்.

பழைய காக்கியில் பலவற்றுக்கு இரும்பு, குரோமிய உப்புகளால் நிறமேற்றினார்கள். சாயம் போகாது, ஆனால் இரும்பு காலப்போக்கில் பருத்தி இழையை அரிக்கும். ப்ளீச் பட்டால் இன்னும் வேகமாக அரிக்கும். ஆகவே ப்ளீச், எலுமிச்சை, இஸ்திரி மூன்றும் கூடாது. துவைப்பதும் பெரும்பாலும் தேவைப்படாது. வலைத்துணியை மேலே விரித்து, வாக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்துத் தூசியை எடுத்தால் போதும்.

மில் துணியில் கஞ்சி இருக்கும், அதற்குத்தான் இராமபாணப் பூச்சி வரும். பூச்சி தெரிந்தால் துணியைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் துணிமேல் நீர் கோத்துக்கொள்ளும்.

பிறகு மடிக்காமல் சுருட்டுங்கள். அட்டைக் குழாயில் அமிலம் உண்டு. அதன்மேல் அலுமினியத் தாளைச் சுற்றி, அதற்கு மேல் கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டி, அதற்கும் மேல் இந்தத் துணி. நிரந்தரமாகப் பாலித்தீன் பையில் போட்டால் ஐப்பசி, கார்த்திகை ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பாச்சை உருண்டை துணியில் நேரடியாகப் படக்கூடாது.

கேள்வி: அப்பா பெயரில் பழைய மில் ஷேர் பத்திரங்கள் கிடைத்தன. பணமாகுமா? (மயிலாப்பூர் வாசகி)

பதில்: முதலில் கம்பெனி விவகாரத் துறையின் இணையதளத்தில் அந்தப் பெயரைத் தேடுங்கள். கலைப்பில் இருந்தால் ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர், வங்கி, அரசு எல்லோரும் எடுத்த பிறகே பங்குதாரர் முறை வரும். வேறு கம்பெனியோடு இணைந்திருந்தால் அந்தக் கம்பெனியின் பங்குப் பதிவாளருக்கு எழுதுங்கள்.

கம்பெனி உயிரோடு இருந்தால் உங்கள் பெயரில் டீமேட் கணக்கு, அசல் பத்திரம், இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவை தயாராக இருக்கட்டும். பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனியில் குறிப்பிட்ட மதிப்பு வரை நீதிமன்ற வாரிசுரிமைச் சான்று இல்லாமலே முடியும். ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் விட்டிருந்தால் பங்குகளே அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்கு (ஐ.இ.பி.எஃப்) போயிருக்கும். அப்போது கம்பெனியிடம் உரிமைக் கடிதம் வாங்கி, ஐ.இ.பி.எஃப்-5 படிவம் போட வேண்டும்.

பெரும்பாலும் பெயரில்தான் இடிக்கும். பத்திரத்தில் சாதிப் பெயரோடு இருப்பார், ஆதாரில் அது இருக்காது. இனிஷியலும் முன்னும் பின்னும் மாறியிருக்கும். இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி முதல் காகிதக் கட்டிலேயே சேர்த்து அனுப்புங்கள்.