ஏரிக்குத் தண்ணீர் வரும் வழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

குடியாத்தம் அருகே எங்கள் ஊர் ஏரியில் இளைஞர்கள் சிலர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் குப்பை அள்ளினோம். கரையில் பனை விதை நட்டோம். அடுத்த ஆண்டே குப்பை மீண்டும் சேர்ந்துவிட்டது. மழை பெய்தும் ஏரி நிரம்பவில்லை. பாலாற்றையே தோல் கழிவு கெடுத்துவிட்ட பகுதியில் இத்தகைய சிறு முயற்சிகள் நம் மனநிறைவுக்கு மட்டும்தானா? இவற்றை விட்டுவிட்டு நீதிமன்றத்தை நாடுவதுதான் முறையா?

வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று தோல் கழிவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அறிவித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை அத்தீர்ப்பே எடுத்துக்காட்டியது. அவ்வளவு தெளிவான தீர்ப்புக்குப் பிறகும் பாலாறு மீளாததால், 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இழப்பீடு குறித்தும் கண்காணிப்புக் குழு குறித்தும் மறுபடி ஆணையிட நேர்ந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் உள்ளூர்க்காரர்களே. ஊரில் ஆள் இல்லையென்றால் தீர்ப்பு காகிதத்தோடு நின்றுவிடும்.

ஆனால், உங்கள் உழைப்பு ஏன் நிலைக்கவில்லை என்ற கேள்வி நியாயமானது. அதற்குக் கணியம்பாடி வட்டாரத்து நாகநதியைப் பார்க்கச் சொல்வேன். சவ்வாது மலையிலிருந்து இறங்கும் அந்த ஆறு பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. அங்கே வேலை ஆற்றங்கரையில் தொடங்கவில்லை, மேலே மலைச்சரிவில் தொடங்கியது. ஓடைகளின் குறுக்கே பெண்கள் கல்லைச் சுமந்து அடுக்கித் தடுப்புகள் அமைத்தார்கள். வேகம் தணிந்த நீர் அங்கேயே வண்டலைப் படியவிட்டுக் கீழே வருகிறது. அங்கு ஓடையின் போக்கிலேயே தோண்டி, சிமெண்ட் உறைகளை இறக்கி, கூழாங்கல்லும் சல்லியும் நிரப்பிய கிணறுகள் அந்த நீரை நிலத்துக்குள் அனுப்புகின்றன. மேல்மண் இறுகிப்போன ஓடையில் மழைநீர் சில மணி நேரத்தில் ஓடி மறைந்துவிடும். அந்த இறுகிய அடுக்கைத் துளைத்துக் கீழே கொண்டுசெல்வதுதான் இக்கிணற்றின் வேலை. 2021 செப்டம்பரில் பிரதமரின் வானொலி உரையிலும் இம்முயற்சி இடம்பெற்றது.

அந்த வேலை பெரும்பாலும் நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலி வேலையாக நடந்தது என்பதை நாம் எளிதில் கடந்துவிடுகிறோம். கல் சுமந்தவர்களுக்குக் கூலி கிடைத்தது. பக்கத்துக் கிணற்றில் நீர் ஏறினால் பயன்பெறுகிறவர்களும் அவர்களே. அதனால்தான் அது ஓர் ஆர்வத்தின் வேகத்தோடு நின்றுவிடவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். கூலியில்லா ஞாயிற்றுக்கிழமை உழைப்பை மட்டும் நம்பி ஓர் ஏரியைக் காப்பது கடினம். படித்த இளைஞர்கள் அதைவிடப் பயனுள்ள வேறொரு பொறுப்பை ஏற்க முடியும்.

மழை பெய்தும் ஏரிக்கு நீர் வரவில்லை என்றால் பெரும்பாலும் வரத்துக் கால்வாய் எங்கோ தூர்ந்திருக்கும் அல்லது மறிக்கப்பட்டிருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைப் பார்த்து, அக்கால்வாயின் புல எண்களை (சர்வே எண்களை) குறித்துக்கொண்டு, அது தொடங்கும் இடத்திலிருந்து ஏரி வரை நடந்து பாருங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரை, முடிந்தால் முன்பு மடை திறந்துவிட்ட குடும்பத்தைச் சேர்ந்தவரை, உடன் அழைத்துச் செல்லுங்கள். பிறகு கிராம சபையில் கால்வாயைத் தூர்வாரவும் குப்பைக்கு வேறிடம் ஒதுக்கவும் தீர்மானம் கேளுங்கள். ஆண்டுக்கு 6 முறை கூட்டம் நடக்கிறது. ஒன்றில் நிறைவேறாவிட்டாலும் அடுத்ததில் கேட்கலாம். தீர்மான நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் சொல்லும் நீதிமன்றத்துக்குச் செல்ல நேர்ந்தால் அது உதவும்.

நட்ட பனையைக் கைவிடாதீர்கள். அது முதலில் கிழங்காக மண்ணுக்குள் இறங்கிய பிறகுதான் குருத்து விடும். கரை வெறுமையாகத் தெரிவதால் எதுவும் முளைக்கவில்லை என்று முடிவு செய்ய வேண்டாம். கால்வாயை நடந்து பார்த்ததும், அது எந்தப் புல எண்ணில் அடைபட்டிருக்கிறது என்று எழுதுங்கள். மனுவை யாருக்கு அனுப்பலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.