சாவிக்கொத்து யார் இடுப்பில்?

கேள்வி: எங்கள் மாவட்டத் தலைநகரில் 12 வருடமாக லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் குழுவின் ஆண்டு மாநாட்டை நடத்திவருகிறேன். முன்பெல்லாம் கல்லூரி அரங்கு நிரம்பி, படியில் உட்கார்ந்து கேட்டார்கள். கொரோனாவுக்குப் பிறகு பாதி நாற்காலி காலி. "வீடியோ போடுவீங்கல்ல சார்?" என்கிறார்கள். ஸ்பான்சர்களும் கைவிரித்துவிட்டதால் போன வருடம் கைக்காசு போட்டேன். அன்றைக்கே அப்பாவின் திதியும் வந்தது. அரங்கு, சமையல்காரர், வங்கி ஓடிபி எல்லாம் என் ஃபோனில் என்பதால் நகர முடியவில்லை, தம்பி பார்த்துக்கொண்டான். இனி ஆன்லைனுக்குப் போகலாமா, இழுத்து மூடலாமா?
- பெயர் வேண்டாம்

பதில்: "தம்பி பார்த்துக்கொண்டான்." உங்கள் கடிதத்தில் இந்த இடத்துக்கு மேல் எனக்கு நகரவில்லை. மற்றதெல்லாம் கேட்டுப் பழகிய புலம்பல். கோயில் கமிட்டிக்காரரும் இலக்கிய வட்டக்காரரும் இதையேதான் எழுதுகிறார்கள், லினக்ஸ் என்ற சொல் மட்டும் இருக்காது.

மூத்த பிள்ளை நீங்கள். அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டிய நேரத்தில் மைக்கைத் தட்டி "ஹலோ, செக்" சொல்லிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். திதியெல்லாம் எதற்கு என்று கேட்கிற ஆள் என்றால் அது உங்கள் பாடு. எனக்கு அதில் நம்பிக்கை உண்டு, மறைக்கப்போவதில்லை. ஆனால் நம்பிக்கை இல்லாதவர் அதைக் கடிதத்தில் எழுதியிருக்க மாட்டார். உறுத்தியிருக்கிறது. உறுத்தட்டும். வீட்டில் உங்கள் இடத்தில் உட்கார ஒரு தம்பி இருந்தான். சமையல்காரரிடம் "இன்னும் இருபது இலை" என்று சொல்ல, 12 வருடத்தில் குழுவில் ஒரு தம்பியை வளர்க்க முடியவில்லையா? டீ கொடுக்கவும் நாற்காலி போடவும் பசங்கள் இருந்திருப்பார்கள். ஓடிபி மட்டும் உங்களுக்குத்தான் வரும்!

மருமகள் வந்து பத்து வருடமாகியும் பீரோச் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்க்காத மாமியார்களைப் பார்த்திருக்கிறேன். "எல்லாம் நானே பார்க்க வேண்டியிருக்கு" என்று அலுத்துக்கொள்வதும் அவர்களேதான். யாரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம், அதுதான் கட்டற்ற மென்பொருள் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிறவர், மாநாட்டை மட்டும் ஏன் சார் பூட்டி வைத்திருக்கிறீர்கள்?

கைக்காசு போட்டதைச் சொல்லிக்காட்டுகிறீர்கள். 1999-இல் மெல்பர்னில் ரஸ்டி ரஸ்ஸல் என்ற, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்கு நிரல் எழுதுகிறவர் தன் கிரெடிட் கார்டைத் தேய்த்துத்தான் ஆஸ்திரேலிய லினக்ஸ் பயனர்களின் முதல் மாநாட்டை நடத்தினார். 2001-இல் அது சிட்னிக்குப் போயிற்று. அப்புறம் ஊர் ஊராகச் சுற்றியது, ஊருக்கொரு குழு. பழைய குழுக்காரர்கள் 'பேய்கள்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, எங்கே கையைச் சுட்டுக்கொண்டோம் என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். கடைசியாக 2022-இல் ஆன்லைனில் நடந்து அந்த மாநாடு நின்றது. மறுவருடமே 'எவ்ரிதிங் ஓப்பன்' என்ற பெயரில் மெல்பர்னில் புதிதாகக் கூடிவிட்டார்கள். உங்கள் ஊரில் நீங்கள் காய்ச்சலில் படுத்தால் யார் கூட்டுவார்?

வீடியோவால் கூட்டம் போச்சு என்பதையும் நான் முழுசாக ஏற்கவில்லை. பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ஃபாஸ்டெம் என்ற கட்டற்ற மென்பொருள் மாநாடு தன் உரைகளை இலவசமாக வலையேற்றுகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது, முன்பதிவும் கிடையாது. இருந்தும் அறைக் கதவில் 'இடமில்லை' என்று தாள் தொங்குகிறது, வராந்தாவில் ஆட்கள் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை உங்கள் நிகழ்ச்சியில் உரை மட்டும்தான் என்றால், வீடியோ போதும் என்று சொன்ன பசங்கள் சரியாகத்தான் சொன்னார்கள்.

ஆனால் மூடாதீர்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் விவகாரம் வெளிவந்ததே, ஞாபகம் இருக்கிறதா? எக்ஸ்இஸட் என்பது லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள். அதைத் தனி ஒருவராகச் சுமந்து களைத்துப்போனவர், மின்னஞ்சலில் மட்டும் பழகிய 'ஜியா டான்' என்ற பெயருக்குப் பொறுப்பில் பங்கு கொடுத்தார். அந்த ஆள் வருடக்கணக்கில் ஒழுங்காக வேலைசெய்துவிட்டுக் கடைசியில் கள்ளக்கதவு வைத்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமாவதை ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் கவனித்ததால் தப்பித்தோம். முகம் தெரியாதவரை நம்புவதில் இப்படி ஆபத்து உண்டு. லினக்ஸின் ஒரு வடிவமான டெபியனை உருவாக்குகிறவர்கள், அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, மாநாட்டில் அடையாள அட்டையை நீட்டி, முகத்தைப் பார்த்து, ஒருவரின் டிஜிட்டல் சாவியில் மற்றவர் கையெழுத்திடுகிறார்கள். 2023 செப்டம்பரில் டெபியன்காரர்களின் ஆண்டு மாநாடான டெப்கான்ஃப் கொச்சிக்கே வந்தது. அதே வருடம் ஜனவரியில் விழுப்புரத்தில் அதன் சின்ன வடிவமான மினி டெப்கான்ஃப் நடந்தது. மாவட்டத் தலைநகருக்கு யார் வருவார்கள் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

சரி, செய்ய வேண்டியது. ஸ்பான்சர் பின்னால் அலைவதை விடுங்கள். அரங்கு வேண்டாம், இரண்டு வகுப்பறை கேளுங்கள். சாப்பாடு அவரவர் காசில். காலையில் மூன்று உரை. மதியம் லேப்டாப்பை விரித்து, சேர்ந்து உட்கார்ந்து மென்பொருளில் உள்ள பிழையைத் திருத்தட்டும், மொழிபெயர்க்கட்டும். வங்கிக் கணக்கில் இன்னும் இருவரைச் சேர்க்கும் வேலையை இந்த வாரமே முடியுங்கள். அதில் ஒருவருக்கு வயது இருபத்தைந்துக்குள் இருக்கட்டும். சொதப்புவார்கள். சோறு பத்தாமல் போகும். நீங்கள் முதல் வருடம் சொதப்பாமலா நடத்தினீர்கள்?

இந்த வருடத் திதி என்றைக்கு என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து அவர்களிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள். அன்றைக்குத்தான் அறை கிடைக்கும் என்றால் நடத்தட்டும். நீங்கள் தம்பி பக்கத்தில் போய் உட்காருங்கள். ஃபோன் அந்தப் பசங்களிடமே இருக்கட்டும்.