சித்தப்பா மகனைப் போர்டு மீட்டிங்கிலிருந்து வெளியே அனுப்பலாமா?

கேள்வி: திருப்பூரில் உள்ள எங்கள் குடும்பப் பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு நான் சேர்மன். மொத்தம் ஐந்து இயக்குநர்கள். அதில் ஒருவர் 22 சதவீதப் பங்கு வைத்திருக்கும் என் சித்தப்பா மகன். ஒவ்வொரு போர்டு மீட்டிங்கிலும் யாரையும் பேச விடுவதில்லை. என்றோ இடம் வாங்கிய கணக்கையே கிளப்புகிறார், மேஜையைத் தட்டுகிறார், செல்போனில் ரெக்கார்டு செய்கிறார். போன தடவை பாதியில் எழுந்து போய்விட்டார். அவரை வெளியே போகச் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டா?

பதில்: இல்லை. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் சேர்மனுக்கு அப்படி ஓர் அதிகாரத்தைத் தரவில்லை. கூட்டத்தில் உட்காருவது இயக்குநர் பதவியோடு சேர்ந்து வரும் உரிமை. சக இயக்குநர்கள் உள்ளே விடாமல் தடுத்த ஒருவருக்கு, 1878-லேயே இங்கிலாந்தில் புல்புரூக் வழக்கில் நீதிமன்றம் ஆதரவாக நின்றது. நீங்கள் வாட்ச்மேனைக் கூப்பிட்டு அவரை அனுப்பினால், அன்றைய தீர்மானங்கள் எல்லாமே கேள்விக்குள்ளாகும். வீடியோ மீட்டிங்கில் அவரை மியூட் செய்து வைப்பதும் எங்கள் பார்வையில் அதே வம்புதான்.

சத்தத்தை அடக்கும் வேலை கூட்டத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். பிரிவு 173(3)-இன்படி நோட்டீஸ் குறைந்தது 7 நாட்களுக்கு முன் எழுத்தில் போக வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதோடு விட்டுவிடாதீர்கள். கம்பெனியில் அவர் பதிந்துள்ள மின்னஞ்சலுக்கோ முகவரிக்கோ அனுப்பி, அனுப்பியதற்கான சான்றைக் கோப்பில் வையுங்கள். அஜெண்டாவும் அதன் விளக்கக் குறிப்புகளும்கூட 7 நாட்களுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும் என்கிறது செக்ரட்டேரியல் ஸ்டாண்டர்டு-1 (போர்டு கூட்டங்களை நடத்தும் முறைக்கான விதித்தொகுப்பு). குடும்பக் கம்பெனிகளில் நடப்பது வேறு: பேப்பர்கள் அன்று காலையில்தான் மேஜைக்கு வரும். படிக்க நேரமில்லாதவர் கத்தினால், நியாயம் அவர் பக்கம் போய்விடும்.

இடம் வாங்கிய கணக்கை ஒதுக்க ஒதுக்க அது பெரிதாகும். அவர் கேட்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அதைத் தனிப் பொருளாகவே வைத்து, கிரயப் பத்திரம், வங்கிக் கணக்கு, மதிப்பீட்டு அறிக்கை எல்லாவற்றையும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். அந்த வாங்கலில் உங்கள் பெயரும் அடிபட்டால், அந்தப் பொருளுக்கு மட்டும் வேறொரு இயக்குநர் தலைமை தாங்கட்டும். குற்றம் சாட்டப்படுபவரே "உட்காருங்கள்" என்று சொன்னால் யாரும் உட்கார மாட்டார்கள். அதில் முடிவு எடுத்துப் பதிவாகிவிட்டால், புது ஆவணம் வந்தால் ஒழிய மறுபடி திறக்க வேண்டியதில்லை. அஜெண்டாவில் இல்லாத விஷயத்தை எடுக்க சேர்மனின் அனுமதியும், வந்திருப்பவர்களில் பெரும்பான்மையினரின் சம்மதமும் வேண்டும். அந்த விதியை அவருக்குப் படித்துக் காட்டலாம், குரலை உயர்த்தாமல்.

கூட்டத்தின் தொடக்கத்திலேயே இரண்டு நடைமுறைகளைத் தீர்மானமாக நிறைவேற்றிவிடுங்கள். ஒவ்வொரு பொருளிலும் ஒருவருக்கு முதல் சுற்றில் 3 நிமிடம். எல்லோரும் பேசி முடித்த பிறகே இரண்டாவது சுற்று. தனிப்பட்ட ஒலிப்பதிவு கூடாது. இதை அவருக்காக மட்டும் கொண்டு வந்ததாகத் தெரியக் கூடாது, நீங்களும் அந்த 3 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். சேர்மன்கள் சறுக்குவது இங்கேதான்: அவர் சொல்லும் ஒவ்வொரு குத்தலுக்கும் பதில் சொல்லி, கடைசியில் கூட்டமே இரண்டு பேர் சண்டையாகிவிடும். அவர் குறுக்கிடும்போது, "நாம் நாலாவது பொருளில் இருக்கிறோம், உங்கள் முறை அடுத்தது" என்பதோடு நிறுத்துங்கள். நேரம் முடிந்ததும் தீர்மானத்தை வாசித்து வாக்குக்கு விடுங்கள்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் 15 நிமிடம் டீ இடைவேளை. திரும்பி வந்தும் அப்படியே என்றால் கூட்டத்தை ஒத்திவைக்கலாம். வந்திருக்கும் இயக்குநர்களில் பெரும்பான்மையினர் மறுக்காத வரை சேர்மனுக்கு அந்த அதிகாரம் உண்டு. மறு தேதியை அங்கேயே முடிவு செய்து, எல்லோருக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள். அங்கே முடிவு செய்யவில்லை என்றால், அந்த நோட்டீஸ் குறைந்தது 3 நாட்களுக்கு முன் போக வேண்டும்.

அவர் எழுந்து போவதைப் பார்த்துப் பதற வேண்டாம். கோரம் (கூட்டம் செல்ல இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) என்பது மொத்த இயக்குநர் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 2 பேர், எது அதிகமோ அது. ஐந்து பேருக்கு 2 போதும் (ஆர்ட்டிக்கிள்ஸில், அதாவது கம்பெனியின் உள்விதிகளில், அதிகமாகப் போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்). அவர் போன நேரத்தைக் குறித்துவிட்டு, கூட்டத்தைத் தொடருங்கள். தொடர்ந்து 12 மாதங்களில் நடந்த எல்லாப் போர்டு கூட்டங்களுக்கும் ஒருவர் வராமல் இருந்தால், பிரிவு 167-இன்படி பதவி தானாகவே காலியாகும். ஆனால் நோட்டீஸ் போனதற்குச் சான்று இல்லாமல் அந்தப் பிரிவைக் கையில் எடுக்காதீர்கள்.

அவரைத் தவிர்க்கச் சர்க்குலர் ரெசல்யூஷனில் (கூட்டம் போடாமல், தீர்மானத்தைச் சுற்றுக்கு விட்டு ஒப்புதல் வாங்குவது) எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று தோன்றும். அவர் ஒருவரால் அதைத் தடுக்கவும் முடியாது. "கூட்டத்தில்தான் முடிவெடுக்க வேண்டும்" என்று கேட்க மூன்றில் ஒரு பங்கு, அதாவது உங்கள் போர்டில் 2 பேர் வேண்டும். ஆனால் கடன் வாங்குவது, ஆண்டுக் கணக்கை ஏற்பது போன்றவற்றைப் பிரிவு 179(3) கூட்டத்துக்கென்றே ஒதுக்கிவிட்டது. பேங்க் லோன் பேப்பரைச் சுற்றுக்கு விட்டுக் கையெழுத்து வாங்கினால் அது நிற்காது.

"நான் பேசியது அத்தனையும் மினிட்ஸில் (கூட்ட நடவடிக்கைப் பதிவில்) வர வேண்டும்" என்று கேட்பார். வர வேண்டியதில்லை. அவதூறானது, சம்பந்தமில்லாதது, கம்பெனியின் நலனுக்குக் கெடுதலானது எனச் சேர்மன் கருதுவதைச் சேர்க்காமல் விட, பிரிவு 118 உங்களுக்கே முழு விருப்புரிமை தருகிறது. ஆனால் ஒரு தீர்மானத்தை அவர் எதிர்த்திருந்தால் பெயரோடு எழுதியே ஆக வேண்டும். அதை மறைப்பது பெரிய தவறு. கூச்சல் நடந்ததை "இயக்குநர் ஒருவர் தொடர்ந்து குறுக்கிட்டதால் கூட்டம் 11.40 மணிக்கு ஒத்திவைக்கப்பட்டது" என்று ஒரு வரியில் எழுதினால் போதும், "நாகரிகமற்ற முறையில்" போன்ற அடைமொழி வேண்டாம். வரைவு 15 நாட்களுக்குள் எல்லா இயக்குநர்களுக்கும் போகட்டும். கருத்துச் சொல்ல 7 நாள்; 30 நாட்களுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற வேண்டும். ஏறிய பிறகு திருத்தினால் ஜெயில் வரை போகும்.

பதவி நீக்கம் போர்டின் கையில் இல்லை. பங்குதாரர்கள்தான் பிரிவு 169-இன்படி சாதாரணத் தீர்மானத்தால் (விழுந்த வாக்கில் பாதிக்கு மேல்) நீக்க முடியும். அதற்குச் சிறப்பு நோட்டீஸ் (நீக்கத் தீர்மானம் கொண்டு வரப்போவதாகப் பங்குதாரர் தரும் அறிவிப்பு) கூட்டத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பே கம்பெனிக்கு வர வேண்டும். அதன் நகல் உடனே அவருக்குப் போக வேண்டும். தன் தரப்பை எழுதித் தரவும் கூட்டத்தில் பேசவும் அவருக்கு உரிமை உண்டு. வாக்கு எண்ணிக்கை உங்கள் பக்கம் இருந்தாலும் அவசரப்படாதீர்கள். 10 சதவீதப் பங்கு இருந்தாலே பிரிவு 241-இல் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அவரிடம் 22 இருக்கிறது. சென்னை அமர்வில் மனு போட்டார் என்றால், கடந்த இரண்டு மூன்று வருட நோட்டீஸ்களையும் மினிட்ஸ் புத்தகத்தையும் காட்ட வேண்டிவரும். அவை ஒழுங்காக இருக்கின்றனவா என்று கம்பெனி செக்ரட்டரி ஒருவரை வைத்து இப்போதே பார்த்துவிடுங்கள்.