டாக்டர் இன்னொரு டாக்டரிடம் கேட்கலாமா?

கேள்வி: கிளினிக் போட்டு எட்டு மாதம் ஆகிறது. பிடிபடாத கேஸ் வந்தால் பக்கத்துத் தெரு சீனியரைக் கேட்கலாமா என்று கை போனுக்குப் போகும். 'இதுகூடத் தெரியாதா' என்பாரோ என்று விட்டுவிடுவேன். நோயாளிக்குத் தெரிந்தால் மதிப்பாரா என்றும் பயம். நீங்கள் எப்படி, டாக்டர்?
- இளம் மருத்துவர், வந்தவாசி

பதில்: நானும் அப்படி விட்டவள்தான். கிளினிக் போட்ட இரண்டாவது வருஷம், மார்கழி மாதம். கரும்புக் கொல்லையில் வேலை செய்யும் ஓர் அம்மாவுக்கு ஏழு நாளாகக் காய்ச்சல், தலைவலி. டைஃபாய்டுக்குப் பார்க்கும் விடால் ரத்தப் பரிசோதனை லேசாக பாசிட்டிவ். டைஃபாய்டு என்று முடிவுகட்டி செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டேன். நாலாம் நாளும் 103 டிகிரி.

அன்று ராத்திரி மெடிக்கல் ஷாப் பெஞ்சில், கூடப் படித்த நண்பரிடம் ஏதோ பேச்சுக்கு நடுவே புலம்பினேன். அவர் மருந்து எதுவும் சொல்லவில்லை. "பாவாடை நாடா இறுக்குற இடத்தைப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். எங்கே பார்த்தேன்! மறுநாள் பார்த்தால் இடுப்பில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. வலிக்காது என்பதால் அந்த அம்மாவும் சொல்லவில்லை. ஸ்க்ரப் டைஃபஸ். புதரில் இருக்கும் பொடிப் பூச்சி கடித்து வருவது. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், இரண்டு வேளை. இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது.

நண்பரைக் கேட்டதை அந்த அம்மாவிடமே சொன்னேன். "எனக்காக ரெண்டு டாக்டரு யோசிச்சாங்க" என்று தெருவெல்லாம் பெருமை!

காலேஜில் சி.பி.சி. என்று கேஸை எல்லோர் முன்னாலும் அலசும் கூட்டம் நடக்குமே, ஞாபகம் இருக்கிறதா? பாஸ்டனில் ரிச்சர்ட் கேபட் 1910 வாக்கில் தொடங்கிவைத்த முறை. விடை தெரியாமலேயே புரொபசர் கேஸை அலசுவார், கடைசியில் திசுக்களைச் சோதித்த பெத்தாலஜிக்காரர் விடையை உடைப்பார். எங்கள் புரொபசர் அத்தனை மாணவர் முன்னால் தப்பாகச் சொல்லிவிட்டுச் சிரித்தபடியே உட்கார்ந்தார். அதில் அவர் மேல் மதிப்பு கூடத்தான் செய்தது.

'என்ன கொடுக்கலாம் சார்' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். என்ன பார்த்தீர்கள், என்ன நினைத்தீர்கள், என்ன கொடுத்தும் கேட்கவில்லை என்று இரண்டே நிமிஷத்தில் சொல்லுங்கள். நோயாளி பெயர் வேண்டாம். வாட்ஸ்அப் குரூப்பில் முகத்தோடு போட்டோ போடுவது வேண்டவே வேண்டாம்.

'இதுகூடத் தெரியாதா' என்று என்னையும் ஒருவர் கேட்டார். அப்புறம் அவரிடம் நான் போகவில்லை, அவ்வளவுதான். உங்கள் சீனியரை ஓ.பி. முடிகிற நேரமாகப் போய்ப் பாருங்கள். நடுவில் போன் செய்தால் நானே எரிந்து விழுவேன்.