ஒரு படி இறங்கிப் போகும் வீடு

கேள்வி: கும்பகோணத்தில் 11,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். நான் பள்ளி ஆசிரியை, கணவருக்குத் தனியார் கம்பெனியில் வேலை. இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு மாமியார். கோயிலை ஒட்டிய தெருவில் 70 வருடத்துக்கு மேலான வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 18 அடி அகலம், 110 அடி நீளம். இரண்டு பக்கமும் ஒட்டு வீடுகள். திண்ணை, ரேழி, முற்றம், கூடம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. முன்பக்கம் மெட்ராஸ் டெரஸ் மச்சு (மரக்கட்டைகள் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்டது), பின்பக்கம் நாட்டு ஓடு. தெருவிலிருந்து ஒரு படி இறங்கி உள்ளே போக வேண்டும். கூடத்தில் இடுப்பளவு டைல்ஸ் ஒட்டி அழகாக வைத்திருக்கிறார்கள். மழைக்கு இரண்டு இடத்தில் ஒழுகுமாம். 42 லட்சம் கேட்கிறார்கள். ரிப்பேர் வேலையை 6 லட்சத்தில் முடிக்கலாம் என்கிறார் மேஸ்திரி. கையில் 13 லட்சம் இருக்கிறது, மீதிக்கு வங்கிக் கடன். அண்ணன் தம்பி மூன்று பேரும் கையெழுத்துப் போடத் தயார். ஒரே சகோதரிக்குச் சீர் செய்து கட்டிக்கொடுத்துவிட்டதால் பங்கில்லையாம். ஆவணிக்குள் பத்திரத்தை முடிக்க அவசரப்படுத்துகிறார்கள். மாமியாருக்கு வீடு ரொம்பப் பிடித்துவிட்டது. என் தம்பியோ 'இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டு' என்கிறான். கணவர் ஃப்ளாட் போதும் என்கிறார். என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் கவலைப்படுவது ஒழுகுகிற இரண்டு இடத்தைப் பற்றி. எனக்குக் கவலை தந்தது நீங்கள் போகிற போக்கில் எழுதிய வேறு சில வரிகள்.

முதலில் அந்தச் சகோதரி. சீர் செய்து அனுப்பியதால் பெண்ணின் பங்கு போய்விடாது. வீடு அவர்கள் அப்பாவின் சுய சம்பாத்தியம், அவர் உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார் என்றால், 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவு. அம்மா இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பூர்வீகச் சொத்தாக இருந்தாலும் 2005-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மகள் பங்காளிதான். அப்பா அதற்கு முன்பே காலமாகியிருந்தாலும் இந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. அந்தச் சகோதரி தன் பங்கை முறையாக முன்பே எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னால், பதிவான விடுதலைப் பத்திரத்தைக் காட்டட்டும். இல்லையென்றால் அவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 'அவ ஒண்ணும் சொல்லமாட்டா' என்பது பத்திரம் ஆகாது. பத்து வருடம் கழித்து அவருடைய பிள்ளைகள் வழக்குப் போட்டால், நீதிமன்றப் படி ஏறுவது நீங்கள்தான்.

இன்னொன்று, கோயில் ஊர் என்பதால் கேட்கிறேன். மனை யாருடையது? கட்டடம் மட்டும் விற்பவருக்குச் சொந்தம், அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம் என்ற நிலை நம் பக்கத்துப் பழைய தெருக்களில் உண்டு. கோயில் நிலமாக இருந்தால் அறநிலையத் துறையின் அனுமதி இல்லாமல் பத்திரப் பதிவே நடக்காது. மூலப்பத்திரம், நகர நில அளவைப் பதிவேடு, குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று மூன்றையும் உங்கள் வக்கீலிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் கூட்டி வரும் வக்கீல் வேண்டாம்.

சரி, இப்போது வீட்டுக்குள் போவோம்.

'ஒரு படி இறங்கி' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். அந்தக் காலத்தில் யாரும் தெருவைவிடத் தாழ்வாக வீடு கட்டவில்லை. படி ஏறித்தான் திண்ணைக்குப் போவார்கள். சுரண்டாமல் ரோடு மேல் ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது, வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. ஐப்பசி, கார்த்திகையில் தெருத் தண்ணீர் எங்கே போகும்? ரேழி வழியாக உள்ளே வரும். முற்றத்தில் விழுகிற மழைத் தண்ணீர் பழைய தூம்பு வழியாகத் தெருவுக்கு ஓட வேண்டும். தெரு மேலே போனால் தண்ணீர் தூம்பு வழியாகவே எதிர்த்து உள்ளே வரும். ஜாக்கி வைத்து வீட்டை உயர்த்தும் வேலை இப்போது நிறைய நடக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் பொதுச்சுவர் இருக்கிற சுண்ணாம்புக் கட்டடத்துக்கு அது சரிப்படாது. தரையை உயர்த்தலாம் என்றால் நிலைப்படி தலையில் இடிக்கும். ஆக, இது 6 லட்சத்திலோ 16 லட்சத்திலோ தீருகிற ரிப்பேர் இல்லை. தண்ணீர் உண்மையில் எவ்வளவு வருகிறது என்று ஒரு மழைக்காலம் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது. ஆவணியில் முடிக்கச் சொல்வது அவர்களுக்குப் பணம் அவசரம் என்பதால் மட்டும் இருக்கலாம். எனக்கென்னவோ ஐப்பசிக்கு முந்திக்கொள்கிறார்கள் என்று படுகிறது.

அடுத்து, இடுப்பளவு டைல்ஸ். அந்த வயதுக் கூடத்தில் யாரும் அழகுக்காகச் சுவரில் டைல்ஸ் ஒட்டுவதில்லை. கீழே ஓதம் (தரை ஈரம்) ஏறியிருக்கும். ஒரு ரூபாய் நாணயத்தால் வரிசையாகத் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று உள்ளே வெற்றிடமாகக் கேட்டால் பூச்சு சுவரைவிட்டுப் பிரிந்திருக்கிறது. டைல்ஸ் முடிகிற கோட்டுக்கு ஒரு சாண் மேலே கையை வைத்து அழுத்தித் தடவுங்கள். வெள்ளையாகப் பொரிந்து விரலில் மாவு ஒட்டினால், ஓதம் டைல்ஸைத் தாண்டி ஏறிவிட்டது என்று அர்த்தம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மாயவரத்தில் நாங்கள் ஒரு பழைய வீடு வாங்கினோம். சுவர் உதிர்கிறதே என்று எங்கள் மேஸ்திரி பழைய சுண்ணாம்புப் பூச்சை முழுக்கக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசினார். கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டே மழைதான். முழங்கால் உயரத்தில் இருந்த ஈரம் தோள் உயரத்துக்கு ஏறிவிட்டது. சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் சுவர் குடித்த ஈரம் அதன் வழியாகவே காய்ந்து போகும். சிமெண்ட் அந்த வழியை அடைத்தால் ஈரம் மேலே ஏறும், உப்பும் கூடவே ஏறும். அத்தனையையும் மறுபடி கொத்தி, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு குழைத்துப் பூசத் தெரிந்த ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்தோம். பணம் இரண்டு மடங்கு ஆனது. உங்கள் மேஸ்திரி சொல்லும் 6 லட்சத்தில் சிமெண்ட் பூச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஒழுகல் விஷயத்துக்கு வருகிறேன். நாட்டு ஓடு ஒழுகினால் பயமில்லை, மழைக்கு முன்பு ஓடு மாற்றி அடுக்கினால் போதும். மச்சு ஒழுகினால் கூரையைப் பார்க்காதீர்கள், உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தைப் பாருங்கள். மெட்ராஸ் டெரஸில் கட்டைகள்தான் மொத்த பாரத்தையும் தாங்குகின்றன. நடுவில் தேக்கு இரும்பு மாதிரி இருக்கும், சுவருக்குள் போகும் முனை வருடக்கணக்காக நனைந்து உளுத்துப் போயிருக்கும். ஏணி போட்டு, ஒவ்வொரு முனையிலும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்க்ரூடிரைவர் நுனி மட்டும் இறங்கினால் நல்லது. ரஸ்க் மாதிரிப் பொடிந்து உள்ளே போனால், அல்லது சுவரோரம் கரையான் மண் கோடு தெரிந்தால், அந்த உத்திரத்தை மாற்றியாக வேண்டும். ஒன்றிரண்டு என்றால் செய்யலாம். பாதிக்கு மேல் என்றால் மச்சு முழுவதும் புதிது போடும் செலவு.

உங்கள் தம்பி சொல்வது எளிதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் உத்திரமும் அதே பொதுச்சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். இடிக்கப் போனால் அவர்கள் வீடு விரிசல் விடும். ஒயரிங், குழாய், கழிவறை எல்லாம் எப்படியும் புதிது போட வேண்டியவைதான், அவற்றைப் பற்றி யோசித்துக் குழம்ப வேண்டாம்.

இப்போது பணக் கணக்கு. இந்த அளவுக் கடனுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம் தரும், அதாவது 33.6 லட்சம். கைப்பணம் 8.4 லட்சம் போட வேண்டும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் என்றால் 3.78 லட்சம். மொத்தம் 12.18 லட்சம். சாவி கைக்கு வரும் அன்று உங்களிடம் மிச்சம் 82,000 ரூபாய். அந்தக் காசில் ஒழுகுகிற வீட்டுக்குள் என்ன செய்வீர்கள்? இதுவும் வங்கி இன்ஜினீயர் 42 லட்சம் என்று மதிப்பு எழுதினால்தான். பழைய கட்டடத்துக்கு அவர்கள் மிகக் குறைவாகத்தான் போடுவார்கள், கடனும் அதற்கேற்பக் குறையும். வட்டி எட்டரை சதவீதம், 20 வருடம் என்று வைத்தால் மாதம் 29,000 ரூபாய்க்கு மேல் தவணை. வேலை முடியும்வரை வாடகை 11,000 தனி. கடைசியில் உங்கள் நகைதான் அடகுக்குப் போகும்.

ஆகவே 42 லட்சத்துக்கு, ஆவணியில், வாங்காதீர்கள். வீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முற்றத்து வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்து வளர்வது எவ்வளவு நல்லது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். சகோதரி கையெழுத்துக்குச் சம்மதித்தால், மனையின் உரிமை சுத்தமாக இருந்தால், தை பிறக்கும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். மனை விலைக்கு மட்டும் பேசுங்கள். கட்டடத்துக்கென்று தனியாக எதுவும் தராதீர்கள். முன்பணம் கொடுப்பதானால் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துவிட்டுக் கொடுங்கள். அதற்குள் வேறு யாராவது வாங்கிக்கொண்டு போனால் போகட்டும்.

அப்புறம், ஐப்பசியில் நல்ல மழை பெய்கிற ஒரு சாயங்காலம் மாமியாரை அங்கே கூட்டிப் போங்கள். வாசல் படி இறங்கி, ரேழி தாண்டி, நனைந்த முற்றத்தின் ஓரமாக நடந்து கொல்லைக் கழிவறை வரைக்கும் ஒருமுறை போய் வரட்டும். கையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் கூடப் போங்கள். திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்த பிறகு, வீடு எப்படி இருக்கிறது அத்தை என்று கேளுங்கள்.